ஸ்டீல் ஃபைபர் போட்ட எஸ்சிசி: கியூப் வலிமை இறங்குகிறது, பீம் வலிமை ஏறுகிறது, எங்கே தப்பு?

காட்பாடி_சிவில்

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் கடைசி வருடம் படிக்கிறேன். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து, வைப்ரேட்டர் இல்லாமல் தானாகவே பரவி நிறையும் கான்கிரீட்டில், அதாவது எஸ்சிசியில், ஸ்டீல் ஃபைபர் போட்டால் வலிமை எப்படி மாறுகிறது என்று புராஜெக்ட் செய்கிறோம். எம்40 கிரேடு, அதாவது 28 நாளில் 40 மெகாபாஸ்கல் அமுக்கத்தைத் தாங்க வேண்டிய கான்கிரீட். ஒரு கன மீட்டருக்கு 53 கிரேடு சிமென்ட் 400 கிலோ, ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) 150, தண்ணீர் 180, எம்-சாண்ட் 860, ஜல்லி 760 (20 மி.மீ., 12 மி.மீ. கலந்தது), கலவையை இளக்கி ஓடவைக்கும் பிசிஇ அட்மிக்சர். ஃபைபர் 60 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. விட்டம், இரண்டு முனையும் கொக்கி மாதிரி வளைந்த வகை.

ஃபைபர் இல்லாத கலவை அழகாக வந்தது, ஸ்லம்ப் ஃப்ளோ, அதாவது கூம்பைத் தூக்கியதும் கலவை பரவும் வட்டத்தின் விட்டம், 700 மி.மீ. கன அளவில் 0.5 சதவீதம் போட்டபோது 640. 1 சதவீதம் போட்டதும் 540-க்கு இறங்கிவிட்டது, எல்-பாக்ஸில் (கம்பிகளுக்கு நடுவே கலவை ஓடுகிறதா என்று பார்க்கும் எல் வடிவப் பெட்டி) கம்பிகளுக்கு முன்னாலேயே குவிந்து நின்றுவிட்டது. 1.5 சதவீதத்தில் ஃபைபர் எல்லாம் பறவைக்கூடு மாதிரி உருண்டை கட்டிக்கொண்டதால் அதைக் கைவிட்டோம்.

28 நாள் முடிவுகள்தான் குழப்பம். கியூப் வலிமை (கனசதுரக் கட்டியை அமுக்கி உடைத்துப் பார்ப்பது) ஃபைபர் இல்லாமல் 49 மெகாபாஸ்கல், 0.5 சதவீதத்தில் 50, 1 சதவீதத்தில் 42.5. பீம் வளைவு வலிமை அதே வரிசையில் 5.1, 6.0, 7.4. அந்த 7.4 என்பது சராசரி, மூன்று பீமும் 9.1, 6.2, 6.9 என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. படித்த கட்டுரைகளில் பாதி அமுக்க வலிமை கூடும் என்கின்றன, மீதி குறையும் என்கின்றன. ஃபைபர் போட்டால் கியூப் வலிமை கூட வேண்டுமா, கூடாதா? எங்கள் பீம் முடிவுகளை நம்பலாமா? ரிவ்யூவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ராணிப்பேட்டை_சைட்

தங்கச்சி, நான் சிப்காட் பக்கம் ஃபேக்டரி தரை போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். தரைக்கு நாங்கள் போடுவது சாதாரண பம்ப் கான்கிரீட், கன மீட்டருக்கு 20, 30 கிலோ ஃபைபர்தான். 1 சதவீதம் என்றால் 78.5 கிலோ! எஃகின் அடர்த்தி 7850, அதில் நூற்றில் ஒன்று. அவ்வளவு கம்பித் துண்டுகளை உள்ளே விட்டுவிட்டு கான்கிரீட் முன்பு மாதிரியே ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதற்கு ஒரு காரணமும் இதில்தான் இருக்கிறது. 1 சதவீதம் என்று போட்டிருக்கும், எதில் 1 சதவீதம் என்று தேடிப் பாருங்கள். சிமென்ட் எடையில் என்றால் உங்கள் கலவைக்கு வெறும் 4 கிலோ. கான்கிரீட் எடையில் என்றால் 24 கிலோ. கன அளவில் என்றால்தான் 78.5. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. நீங்கள் படித்த ஒவ்வொன்றையும் முதலில் கிலோவுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உருண்டை கட்டுவதைப் பற்றி: நீளத்தை விட்டத்தால் வகுத்தால் உங்கள் ஃபைபருக்கு 80 வருகிறது. இந்த எண் ஏற ஏற ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பசையால் ஒட்டிய பட்டையாக வரும் வகையாக இருந்தால் தண்ணீரில் ஊறி மெதுவாகப் பிரியும், சிக்கல் குறைவு. உதிரியாக வந்தால் சல்லடையில் தட்டித் தூவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சைட்டில் நாங்கள் லாரி டிரம்மை முழு வேகத்தில் சுற்றவிட்டு, ஃபைபர் எல்லாம் போட்டு முடித்த பிறகும் ஐந்து நிமிடம் சுற்றுவோம். மூட்டையைத் தூக்கி அப்படியே கொட்டினால் முடிந்தது கதை.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 1 சதவீதக் கலவை இறுகிப் போனதும் யாராவது தண்ணீர் விட்டார்களா? நம் ஊர் வெயிலில் மதியம் கலந்தால் அட்மிக்சர் வேலை செய்யும் நேரமே சுருங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் பார்த்த தரைகளில் வெடிப்பு விட்டதில் பெரும்பாலானவை அந்த மக்குத் தண்ணீரால் வந்தவை.

---

காட்பாடி_சிவில்

அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், தண்ணீர் விடவில்லை, அட்மிக்சரைத்தான் கொஞ்சம் கூட்டினோம். ஆனால் 1 சதவீதக் கலவை மோல்டில் சரியாக இறங்காததால் லேபில் உதவிக்கு இருந்தவர், "வழக்கமா செய்யுறதுதானேம்மா" என்று சொல்லி பீம்களை மட்டும் வைப்ரேட்டர் மேசையில் வைத்து ஆட்டினார். கியூபுக்கு ஒன்றும் செய்யவில்லை, கையால் நிரப்பினோம். இதனால் ஏதாவது ஆகியிருக்குமா?

---

பழைய_லேப்_வேலூர்

நிறைய ஆகியிருக்கும் அம்மா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. முப்பது வருடத்துக்கு மேல் கான்கிரீட் லேபில் நின்றவன், இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமான கேள்வி.

முதலில் கியூப். உடைத்த கியூப்களின் எடையைக் குறித்து வைத்திருக்கிறாயா? கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 516 முறைப்படி செய்திருந்தால் குறித்திருப்பாய். 150 மி.மீ. கியூபின் கன அளவு 3.375 லிட்டர். உன் கலவையின் எடைகளைக் கூட்டினால் கன மீட்டருக்கு 2350 கிலோ வருகிறது, அப்படியானால் ஃபைபர் இல்லாத கியூப் 7.93 கிலோ அளவில் இருக்க வேண்டும். 1 சதவீத ஃபைபர் போனால், அவ்வளவு இடத்தில் கான்கிரீட்டுக்குப் பதிலாக எஃகு உட்காருகிறது, எனவே கியூபுக்கு கிட்டத்தட்ட 180 கிராம் கூட வேண்டும். கூடவில்லை என்றால் அந்த இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கான்கிரீட்டில் அடைபட்ட காற்று 1 சதவீதம் கூடினால் அமுக்க வலிமை ஏறக்குறைய 5 சதவீதம் போகும், இது பழைய கணக்கு, இன்றைக்கும் ஏமாற்றாத கணக்கு. உன்னுடைய 42.5-க்கு ஃபைபரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தராசைக் கேள்.

ஃபைபர் அமுக்க வலிமையைக் கூட்டுமா என்றால், நன்றாக நிறைந்த கான்கிரீட்டில் பெரிய மாற்றம் எதுவும் தராது. கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம். கியூப் நசுங்குவதற்கு முன்னால் உள்ளே பொடிப்பொடி விரிசல்கள்தான் ஓடுகின்றன, அந்த அளவு விரிசலில் ஃபைபருக்கு இழுபடவே வாய்ப்பு வராது. விரிசல் வாய் திறந்த பிறகுதான் அது வேலைக்கு வருகிறது. கொக்கி முனை கான்கிரீட்டுக்குள் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நிமிர்ந்து, உருவிக்கொண்டு வெளியே வருகிறதே, அந்த உருவலுக்குச் செலவாகும் ஆற்றல்தான் ஃபைபரின் முழுப் பயன். அதனால்தான் ஃபைபர் இல்லாத கியூப் வெடித்துச் சிதறுகிறது, ஃபைபர் போட்டது நசுங்கினாலும் முழுக் கட்டியாக நிற்கிறது. எலாஸ்டிக் மாடுலஸும் (சுமைக்கு வளைந்துகொடுக்காத விறைப்பு) இப்படித்தான், சொல்லும்படி மாறாது.

இனி பீம். எஸ்சிசியில் ஃபைபர் ஓட்டத்தோடு திரும்பும். ஆற்றில் மிதக்கும் வைக்கோல் கரையோரமாக வரும்போது நீளவாக்கில் திரும்பிக்கொள்வதைப் பாலாற்றில் தண்ணீர் வந்த வருடங்களில் பார்த்திருப்பாய், அதே கதைதான். பீம் மோல்டில் ஒரு முனையில் ஊற்றி மறு முனைவரை தானாக ஓடவிட்டால் ஃபைபர்கள் பீமின் நீளத்துக்கு இணையாகப் படுக்கும், விரிசலைக் குறுக்கே தைக்க அதைவிட நல்ல நிலை கிடையாது, வலிமை எகிறும். நடுவில் ஒரு கரண்டி, ஓரத்தில் ஒரு கரண்டி என்று நிரப்பினால் தாறுமாறாகக் கிடக்கும். தளத்தில் இன்னும் வேடிக்கை: நடுவில் ஊற்றி வட்டமாகப் பரவவிட்டால், பரவப் பரவ வட்டம் பெரிதாவதால் கலவை சுற்றுவாக்கில் இழுபடுகிறது, ஃபைபரும் ஓடும் திசைக்குக் குறுக்கே திரும்பி வளையம் வளையமாக நின்றுவிடும். ஒரே கலவை, ஒரே ஃபைபர், ஊற்றிய விதம் மட்டும் வேறு, வலிமை வேறு. எஸ்சிசி என்றால் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான், எந்த இடத்தில் ஊற்றினாய் என்பதை கியூப் நம்பர் மாதிரி நோட்டில் எழுது.

மேசையில் ஆட்டினால் கனமான ஃபைபர் கீழே இறங்கப் பார்க்கும், படுக்கைவாட்டில் திரும்பவும் செய்யும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒகமுரா 1986-ல் இப்படி ஒரு கான்கிரீட் வேண்டும் என்று சொன்னதே, நன்றாக வைப்ரேட் செய்யத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டு வந்ததால்தான். அதை மறுபடி மேசையில் ஏற்றினால், நீ சோதித்தது எஸ்சிசியே இல்லை என்று ரிவ்யூவில் ஒருவர் கேட்டால் பதில் இருக்காது.

போதாக்குறைக்கு உன் பீம் 100 மி.மீ. அகலமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஃபைபர் 60 மி.மீ. சுவர் ஓரத்தில் இருக்கும் ஃபைபருக்குத் திரும்ப இடமே கிடையாது, சுவரோடு ஒட்டிப் படுத்துவிடும், வலிமை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பீமின் அகலமும் உயரமும் ஃபைபர் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நல்லது. எல்-பாக்ஸும் அப்படியே. மூன்று கம்பி வைத்த பெட்டியில் இடைவெளி 41 மி.மீ.தான், அதில் 60 மி.மீ. ஃபைபர் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? 30 மி.மீ. நீளம், 0.5 விட்டம் கிடைத்தால் அதற்கு மாறு.

இப்போது ஒரு வேலை தருகிறேன். உடைந்த மூன்று பீம்களையும் தூக்கிப் போட்டுவிடாதே. ஒவ்வொன்றின் முறிந்த முகத்திலும் துருத்திக்கொண்டிருக்கும் ஃபைபரை எண்ணு. இரண்டு பாதியிலும் எண்ணிக் கூட்டு, ஓட்டைகளை எண்ணாதே, ஒரு ஃபைபர் ஒரு பக்கம்தான் நிற்கும். எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறியிருந்தால் 100-க்கு 100 முகத்தில் 113 வர வேண்டும். கணக்கு சுலபம்: 0.75 விட்டத்துக்குக் குறுக்குப் பரப்பு 0.442 சதுர மி.மீ., 0.01-ஐ அதால் வகுத்து, 10000-ஆல் பெருக்கி, பாதியாக்கு. எண்ணிவிட்டு வா, பேசலாம்.

---

குடியாத்தம்_வீடு

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்துவிட்டு எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன், அப்படியானால் மாடித் தளத்துக்குக் கம்பியைக் குறைத்துவிட்டு இந்த ஃபைபரைப் போடலாமே, கம்பி கட்டும் கூலியும் மிச்சம் என்கிறார். செய்யலாமா?

---

ஆம்பூர்_ஸ்ட்ரக்சர்

வேண்டவே வேண்டாம் சார். மாடித் தளம், பீம், லிண்டல் எதிலும் கம்பியில் ஒரு துண்டுகூடக் குறைக்காதீர்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 படி டிசைன் செய்த தளத்தில் இழுவிசை முழுவதையும் கம்பிதான் தாங்குகிறது, கம்பி தேவையான இடத்தில், தேவையான திசையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஃபைபர் எங்கே போய் எப்படித் திரும்பியது என்பது மேலே ஐயா எழுதியது மாதிரி ஊற்றுகிறவர் கையில் இருக்கிறது. மண் தாங்கி நிற்கும் தரைக்கு ஃபைபர் சரி, ஏனென்றால் அங்கே ஒரு விரிசல் விட்டாலும் தரை கீழே விழாது. தலைக்கு மேல் இருக்கும் தளம் அப்படி இல்லை.

காட்பாடித் தங்கைக்கு: வளைவு வலிமை 5.1-லிருந்து 7.4 ஆனது நல்ல செய்திதான், ஆனால் டிசைன் செய்கிற எனக்கு அந்த உச்ச எண்ணைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் தேவை. விரிசல் அரை மி.மீ. திறந்திருக்கும்போது பீம் இன்னும் எவ்வளவு தாங்குகிறது, 2.5 மி.மீ. திறந்தபோது எவ்வளவு? ஐரோப்பிய இஎன் 14651 சோதனையில் 150 மி.மீ. பீமின் அடியில் 25 மி.மீ. வெட்டுப் போட்டு, அந்த வெட்டு வாய் திறப்பதை அளந்துகொண்டே சுமை ஏற்றுவார்கள். அதற்கு மெஷின் சுமையைப் பார்க்காமல் திறப்பைப் பார்த்து நகர வேண்டும். பெரும்பாலான கல்லூரி மெஷின்கள் சுமையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும், விரிசல் விட்ட நொடியில் சேர்ந்திருந்த ஆற்றல் எல்லாம் ஒரே அடியாக இறங்கி ஊசி கீழே விழுந்துவிடும், வரைபடத்தின் முக்கியமான பாதி காணாமல் போய்விடும்.

அந்த மெஷின் இல்லையென்றால் அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 544-ல் சொல்லியிருக்கும் சம்மட்டிச் சோதனையைச் செய்யுங்கள். 150 மி.மீ. விட்டம், 64 மி.மீ. கனமுள்ள வட்டு. அதன் மேல் ஒரு இரும்புக் குண்டு, குண்டின் மேல் 4.54 கிலோ சம்மட்டியை 457 மி.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விட வேண்டும். முதல் விரிசல் எத்தனையாவது அடியில், உடைந்து பிரிவது எத்தனையாவது அடியில் என்று எண்ணினால் போதும். சாதாரண கான்கிரீட்டில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஃபைபர் போட்டதில் நடுவே பெரிய இடைவெளி விழும், அந்த இடைவெளியே உங்கள் புராஜெக்டுக்கு நல்ல பதில். முடிவுகள் நிறையச் சிதறும், அதனால் ஒரு கலவைக்கு ஐந்தாறு வட்டுகளாவது வேண்டும்.

எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைத் தரைக்கு ஃபைபர் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தோலை ஊறப்போடும் இடத்தில் உப்பு அதிகம். மேல்மட்டத்தில் தெரியும் ஃபைபர் துருப்பிடித்து புள்ளி புள்ளியாகக் கறை விழும். உள்ளே இருப்பது அவ்வளவு சுலபமாகக் கெடாது, துருப்பிடித்தாலும் மெல்லிய கம்பி என்பதால் கான்கிரீட்டைப் பிளக்கும் அளவுக்கு உப்பாது. ஆனால் விரிசல் அகலமாகத் திறந்து உப்புத் தண்ணீர் இறங்கினால், விரிசலைத் தைத்துக்கொண்டிருக்கும் ஃபைபரே அரித்துப் போய்விடும்.

---

காட்பாடி_சிவில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை முழுக்க எண்ணினோம். 9.1 வந்த பீமில் 150 ஃபைபர். 6.9 வந்ததில் 101, 6.2 வந்ததில் 88. ஐயா, கை நடுங்கிவிட்டது, அப்படியே வரிசையாக வருகிறது! 9.1 பீமை ஊற்றியது என் தோழி, பக்கெட்டை ஒரு முனையில் வைத்து மொத்தமாகக் கவிழ்த்ததாகச் சொல்கிறாள், மற்ற இரண்டும் கரண்டியால் நிரப்பியவை.

கியூப் எடையும் பார்த்தோம். ஃபைபர் இல்லாதது சராசரி 7.94 கிலோ, 1 சதவீதம் போட்டது 7.85. கூட வேண்டிய இடத்தில் குறைந்திருக்கிறது. மூன்று சதவீதத்துக்கு மேல் காற்று இருந்திருக்கிறது என்று கணக்குப் போட்டோம், 49-லிருந்து அதைக் கழித்தால் 41, 42 வருகிறது, எங்களுக்கு வந்தது 42.5.

ஆனால் ஒன்று, பறிந்து வந்த ஃபைபர்களில் கொக்கி சிலவற்றில் நிமிர்ந்திருக்கிறது, சிலவற்றில் அப்படியே வளைந்தே இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? மறுபடி கலக்கும்போது ஓட்டம் 540-க்கு இறங்காமல் இருக்க எதை மாற்றுவது?

---

பழைய_லேப்_வேலூர்

சபாஷ் அம்மா. அந்த மூன்று எண்ணையும் மூன்று வலிமையையும் ஒரே வரைபடத்தில் போடு, உன் அறிக்கையில் அதைவிட நல்ல பக்கம் வராது. மேசையில் ஆட்டியதையும் மறைக்காமல் எழுதிவிடு.

கொக்கி நிமிர்ந்திருந்தால் அந்த ஃபைபர் முழு வேலையும் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. வளைந்தபடியே வந்திருந்தால் சுற்றியிருந்த கான்கிரீட் பிடி கொடுக்கவில்லை. ஒன்று காற்று, இல்லையென்றால் ஃபைபர் முனை முறிந்த முகத்துக்கு மிக அருகில் இருந்திருக்கும். நடுவில் அறுந்த ஃபைபர் இருக்கிறதா என்றும் பார், நிறைய இருந்தால் கான்கிரீட்டின் பிடி கம்பியின் வலிமையை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், எம்40-ல் அவ்வளவாக வராது.

ஓட்டத்துக்கு அட்மிக்சரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கலவை பிரிந்து ஜல்லியும் ஃபைபரும் கீழே உட்கார்ந்துவிடும். ஃபைபருக்கும் ஜல்லிக்கும்தான் சண்டை, 20 மி.மீ. கல் ஒவ்வொன்றும் ஃபைபரை முட்டித் தள்ளுகிறது. 20 மி.மீ. ஜல்லியை அடியோடு நிறுத்திவிட்டு 12 மட்டும் போடு, மொத்த ஜல்லியை 680 அளவுக்குக் குறை, விட்ட இடத்தை எம்-சாண்டாலும் ஃப்ளை ஆஷாலும் நிரப்பு. தண்ணீரும் பவுடரும் (சிமென்ட், ஃப்ளை ஆஷ் போன்ற தூள்கள்) கன அளவில் உனக்கு 0.92 விகிதத்தில் இருக்கிறது, 0.85-லிருந்து 1.10-க்குள் இருந்தால் நல்லது என்பது ஐரோப்பிய வழிகாட்டி, அதனால் அதைக் கலைக்காதே. எம்-சாண்டில் 0.125 மி.மீ. சல்லடையைத் தாண்டும் கல் தூளையும் பவுடர் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்து கிரஷரில் அது லோடுக்கு லோடு மாறும், ஒரு முறை சலித்துப் பார்த்துவிடு. காலை ஏழு மணிக்கு முன்னால் கலந்து முடி.

1 சதவீதத்தை விடாப்பிடியாகப் பிடிக்காதே. 0.25, 0.5, 0.75 என்று மூன்று அளவு போட்டு, ஒவ்வொன்றிலும் பாதி பீமை முனையில் ஊற்று, பாதியை நடுவில் ஊற்று. மூன்று வாரத்தில் 28 நாள் வலிமை வராது, 14 நாளில் உடை, ஃபைபர் இல்லாததையும் அதே நாளில் உடை.

---

காட்பாடி_சிவில்

சரி ஐயா, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லேப் திறந்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆம்பூர் சார், சம்மட்டிச் சோதனைக்கு 64 மி.மீ. மோல்டு எங்களிடம் இல்லை, என்ன செய்வது?

---

ஆம்பூர்_ஸ்ட்ரக்சர்

தனி மோல்டு தேவையில்லை. 150-க்கு 300 சிலிண்டர் போட்டு, கான்கிரீட் வெட்டும் ரம்பத்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்றிலிருந்து நான்கு வட்டு வரும். மேலேயிருந்து எத்தனையாவது துண்டு என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள், ஃபைபர் கீழே இறங்கியிருந்தால் அடித் துண்டு எத்தனை அடி தாங்குகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.